ஒரே மைதானம், இரண்டு அணிகள்: பர்மிங்காம் நகரத்து பேஸ்பால் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த பர்மிங்காம்? இங்கிலாந்தில் இருப்பதா?

இல்லை. அமெரிக்காவின் தெற்கில், அலபாமா மாநிலத்தில் இருக்கும் பர்மிங்காம். 1871-இல்தான் இந்த ஊரே உருவானது. இரும்புத் தாது, நிலக்கரி, சுண்ணாம்புக்கல் மூன்றும் ஒரே வட்டாரத்தில் கிடைத்ததால், இரும்பு உருக்குவதற்கென்றே ஒரு நகரத்தைக் கட்டினார்கள். இங்கிலாந்தின் தொழில் நகரத்தை மனதில் வைத்துத்தான் அந்தப் பெயரையும் வைத்தார்கள். விறுவிறுவென்று வளர்ந்ததால் ‘மாய நகரம்’ என்றும் ஒரு செல்லப்பெயர் உண்டு. 2020 கணக்கெடுப்பின்படி நகர எல்லைக்குள் சுமார் 2 லட்சம் பேர். அமெரிக்கக் கணக்கில் நடுத்தர ஊர்.

நியூயார்க், சிகாகோ மாதிரி ஊர்களின் பேஸ்பால் கதை எல்லோருக்கும் தெரியும். பர்மிங்காமுக்கு என்று, நாட்டின் உச்சப் போட்டியான மேஜர் லீக்கில் ஒரு அணி ஒருநாளும் இருந்ததில்லை. ஆனால் அந்த நாட்டில் இன்றும் நிற்கும் தொழில்முறை பேஸ்பால் மைதானங்களில் மிகப் பழையதான ரிக்வுட் இங்கேதான் இருக்கிறது.

மைனர் லீக் என்றால் இரண்டாம் தர ஆட்டமா?

நாற்றங்கால் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மேஜர் லீக்கில் 30 அணிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே நான்கு படிகளில் நான்கு துணை அணிகள், ஆக மொத்தம் 120. மேலே இருப்பது ட்ரிபிள்-ஏ, அடுத்தது டபுள்-ஏ, பிறகு ஹை-ஏ, சிங்கிள்-ஏ. 19, 20 வயதுப் பையன் கீழ்ப்படியில் சேர்ந்து, ஆட்டம் தேறத் தேற மேலே போவான். தேறாவிட்டால் ஊருக்குப் போய் வேறு வேலை பார்ப்பான். பர்மிங்காம் பேரன்ஸ் அணி டபுள்-ஏ படியில் இருக்கிறது. சிகாகோ வைட் சாக்ஸ் அதன் தாய் அணி.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. மைனர் லீக் அணிகள் தனி முதலாளிகளின் சொந்தத் தொழிலாக இருந்தன. நல்ல ஆட்டக்காரன் கிடைத்தால் மேஜர் லீக் அணிக்கு நல்ல விலைக்கு விற்றுவிடுவார்கள். 1920-களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியை நடத்திய பிராஞ்ச் ரிக்கிதான், ஒவ்வொருவராக வாங்குவதை விட நாற்றங்காலையே சொந்தமாக வைத்துக்கொள்ளலாமே என்று தொடங்கினார். மற்றவர்களும் அதே வழியில் போனார்கள். அதிலிருந்து மைனர் லீக் ஊர்களுக்கு ஒரு வலியும் சேர்ந்துகொண்டது. ஒரு பையனை மனதார நேசிக்கத் தொடங்கும்போதே அவன் மேலே போய்விடுவான்.

‘பேரன்ஸ்’ என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

நிலக்கரி முதலாளிகளிடமிருந்து. 1885-இல் சதர்ன் லீக் என்ற போட்டி தொடங்கியபோதே பர்மிங்காம் அதில் ஆடியது. அணியை ‘கோல் பேரன்ஸ்’ என்று அழைத்தார்கள், அதாவது நிலக்கரிப் பிரபுக்கள். காலப்போக்கில் நிலக்கரி உதிர்ந்து, வெறும் பேரன்ஸ் நின்றுவிட்டது. ரிக்வுட் வருவதற்கு முன் ஆடிய மைதானத்துக்குக் கசடு மேட்டு மைதானம் என்று பேச்சு வழக்கில் பெயர். உலையில் இரும்பு பிரிந்தபின் மிஞ்சும் கசடைப் பக்கத்தில் மலையாகக் கொட்டிவைத்திருப்பார்கள். டிக்கெட்டுக்குக் காசில்லாதவர்கள் அதன்மேல் ஏறி நின்று ஆட்டம் பார்த்தார்கள்.

ரிக்வுட் மைதானத்தைக் கட்டியது யார்?

ரிக் உட்வர்ட். வயது முப்பதைத் தாண்டிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. உட்வர்ட் இரும்பு நிறுவனக் குடும்பத்தின் வாரிசு. குடும்பத்தொழிலை விட பேஸ்பாலில்தான் அவருக்கு உயிர். 1910-இல் பேரன்ஸ் அணியை வாங்கினார். வாங்கிய கையோடு, மர கேலரி போதாது, இரும்பும் காங்கிரீட்டும் கொண்டு கட்ட வேண்டும் என்று முடிவு செய்தார். அப்போது பிட்ஸ்பர்க்கில் ஃபோர்ப்ஸ் ஃபீல்டும் பிலடெல்ஃபியாவில் ஷைப் பார்க்கும் அப்படி வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. பிலடெல்ஃபியா அணியின் மேலாளர் கானி மேக்கிடம் உட்வர்ட் யோசனை கேட்டார். மைதானத்தை எந்தத் திசை பார்த்து அமைப்பது, எல்லைச் சுவர் எவ்வளவு தூரத்தில் வருவது என்பதிலெல்லாம் மேக்கின் கை இருக்கிறது.

ரசிகர்களிடம் பெயர் கேட்டுப் போட்டி வைத்தார்கள். ‘ரிக்’ என்பதையும் ‘உட்வர்ட்’ என்பதில் முதல் பாதியையும் சேர்த்து ரிக்வுட் என்று ஆனது. 1910 ஆகஸ்ட் 18 அன்று திறப்பு. அன்றைக்குக் கடைகளையெல்லாம் சீக்கிரம் அடைத்தார்கள். 10,000 பேருக்கு மேல் வந்தார்கள். முதலாளி உட்வர்டே அணியின் உடையைப் போட்டுக்கொண்டு முதல் பந்தை வீசினார். அது சம்பிரதாயத்துக்கு வீசிய பந்து இல்லை, ஆட்டக் கணக்கில் சேர்ந்த பந்து. மான்ட்கோமரி அணியை பேரன்ஸ் 3-2 என்று வென்றது.

பாஸ்டனின் புகழ்பெற்ற ஃபென்வே பார்க் 1912-இல் வந்தது. சிகாகோவின் ரிக்லி ஃபீல்ட் 1914. ரிக்வுட் இரண்டுக்கும் மூத்தது.

அந்தக் காலத்து பேரன்ஸ் ஆட்டங்களில் மறக்க முடியாதது எது?

1931 செப்டம்பர், டிக்ஸி சீரிஸ் முதல் ஆட்டம். பேரன்ஸ் ஆடிய சதர்ன் அசோசியேஷன் என்ற லீக்கின் சாம்பியனும் டெக்சாஸ் லீக் சாம்பியனும் மோதும் தொடர் அது. ஹூஸ்டன் அணிக்காக டிஸ்ஸி டீன் வந்திருந்தார். வயது 21. வாய்க்கொழுப்பும் கைத்திறமையும் சமமாக இருந்த பிட்சர், அதாவது பந்து வீசுபவர். சில வருடங்களில் மேஜர் லீக்கையே கலக்கப் போகிறவர். பர்மிங்காம் தரப்பில் ரே கால்டுவெல், வயது 43. அவரை ஓய்ந்துபோன ஆள் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். இதே கால்டுவெல்தான் 1919-இல் கிளீவ்லாந்து அணிக்காகப் பந்து வீசிக்கொண்டிருந்தபோது மின்னல் தாக்கிக் கீழே விழுந்து, எழுந்து, மீதி ஆட்டத்தையும் முடித்துக் கொடுத்தவர்.

மைதானத்தில் 20,000-க்கும் மேற்பட்டோர். இடம் போதாமல் களத்தின் ஓரத்திலெல்லாம் ஆட்கள் நின்றார்கள். இரண்டு பக்கமும் ரன்னே வரவில்லை. கடைசியில் பில்லி பான்கிராஃப்ட் அடித்த அடியில் ஒரே ஒரு ரன். பர்மிங்காம் 1, ஹூஸ்டன் 0. தொடரையும் பர்மிங்காமே 4-3 என்று வென்றது.

இந்த ஆட்டத்தைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள், பேசட்டும். ஆனால் அன்று மைதானத்தில் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

யார் எங்கே உட்கார்ந்தார்கள்?

பேரன்ஸ் வெள்ளையர் அணி. ஆட்டம் பார்க்க வரும் கறுப்பின மக்களுக்கு வலப்பக்க எல்லையை ஒட்டிய திறந்த கேலரி மட்டும்தான். கூரை கிடையாது. அலபாமா வெயிலில் மணிக்கணக்கில் உட்கார வேண்டும். கூரை போட்ட கேலரி முழுக்க வெள்ளையருக்கு.

பேரன்ஸ் வெளியூர் போயிருக்கும் நாட்களில் அதே மைதானத்தை இன்னொரு அணி வாடகைக்கு எடுத்தது. அதுதான் பர்மிங்காம் பிளாக் பேரன்ஸ். அந்த நாட்களில் எல்லாம் தலைகீழ். கூரைக்குக் கீழே கறுப்பின மக்கள். பார்க்க வரும் வெள்ளையர்களுக்கு அந்த வலப்பக்கத் திறந்த கேலரி. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் அப்படியே நேராக வருவார்கள். ஆண்கள் கோட்டும் தொப்பியுமாக, பெண்கள் இருப்பதிலேயே நல்ல உடையில். வாரம் முழுக்க உலைக்கு முன்னால் நின்றவர்களுக்கு ஆட்டம் மட்டுமல்ல, அந்த நாளே திருவிழாதான்.

ஒரே இருக்கைகள், ஒரே சுவர், ஒரே மண். ஒருவர் உட்காரும்போது மற்றவர் உட்காரக் கூடாது. இந்த ஊரின் பேஸ்பால் வரலாற்றை இதைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

பிளாக் பேரன்ஸ் அணி எப்படி உருவானது?

தொழிற்சாலைகளிலிருந்து. பர்மிங்காமில் இரும்புக் குழாய் ஆலை, உருக்காலை, சுரங்கம் என்று ஒவ்வொன்றும் தனித்தனி பேஸ்பால் அணி வைத்திருந்தன. கறுப்பினத் தொழிலாளர்களுக்குத் தனி லீக். நன்றாக ஆடுகிறவனுக்குக் கொஞ்சம் இலகுவான வேலை கிடைக்கும், பயிற்சிக்கு நேரம் விடுவார்கள். ‘அசிப்கோ’ என்று எல்லோரும் அழைத்த குழாய் ஆலை அணி அதில் பேர் பெற்றது. 1920-இல் நீக்ரோ சதர்ன் லீக் தொடங்கியபோது, இந்த ஆலை அணிகளின் ஆட்டக்காரர்களை வைத்தே பிளாக் பேரன்ஸ் எழுந்தது.

ஒரு வார்த்தை இங்கே சொல்லிவிடுகிறேன். ‘நீக்ரோ’ என்ற சொல்லை இன்று யாரையும் குறிக்கப் பயன்படுத்தக் கூடாது. அந்த லீக்குகளின் வரலாற்றுப் பெயரில் இருப்பதால் மட்டுமே அதை இங்கே அப்படியே எழுதுகிறேன்.

1927-இல் சாட்சல் பேஜ் வந்தார். பேஸ்பால் கண்ட மிகச் சிறந்த பிட்சர்களில் ஒருவர். 1930 வரை பர்மிங்காம்தான் அவருடைய களம். 1940-கள் அணியின் பொற்காலம். 1943, 1944, 1948 என்று மூன்று தடவை நீக்ரோ அமெரிக்கன் லீக் பட்டம். மூன்று தடவையும், இரண்டு நீக்ரோ லீக்குகளின் சாம்பியன்கள் மோதும் நீக்ரோ உலகத் தொடரில் ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணியிடம் தோற்றார்கள்.

இரண்டு அணிகளில் எது பெரியது என்று கேட்டால் தயங்காமல் பிளாக் பேரன்ஸ் என்பேன். வெள்ளையர் அணி ஆடியது மைனர் லீக்கில். பிளாக் பேரன்ஸ், மேஜர் லீக்குக்குச் சமமான ஆட்டத்தை ஆடியது. கதவு மூடியிருந்ததால் மட்டுமே அவர்கள் வெளியே நின்றார்கள். 2020-இல் மேஜர் லீக் நிர்வாகமே 1920 முதல் 1948 வரையிலான ஏழு நீக்ரோ லீக்குகளை மேஜர் லீக் தரம் என்று ஏற்றது. 2024 மே மாதத்தில் அந்தப் புள்ளிவிவரங்களையும் அதிகாரபூர்வ ஏட்டில் சேர்த்தார்கள்.

வில்லி மேஸ் இந்த அணியில்தான் ஆடினாரா?

ஆமாம். பேஸ்பாலின் மாபெரும் வீரர்களில் ஒருவரான மேஸ், இந்த ஊர்ப் பையன். 1931 மே 6 அன்று பக்கத்து வெஸ்ட்ஃபீல்டில் பிறந்தார். உருக்காலைத் தொழிலாளர்கள் வாழ்ந்த குடியிருப்பு அது. அப்பாவும் ஆலை அணியில் ஆடியவர். பூனை மாதிரி பாய்ந்து பிடிப்பதால் அவரை ‘கேட்’ என்றே கூப்பிட்டார்கள். மகன் ஃபேர்ஃபீல்ட் தொழிற்பயிற்சிப் பள்ளியில் சலவைத் தொழில் கற்றுக்கொண்டிருந்தான். இஸ்திரி போடும் வேலையில் போயிருந்தால் பேஸ்பால் என்ன இழந்திருக்கும் என்று நினைத்தாலே ஒரு மாதிரி இருக்கிறது.

1948-இல் பிளாக் பேரன்ஸ் அணியின் ஆட்ட மேலாளர் பைப்பர் டேவிஸ். இவரும் அசிப்கோ ஆலை அணியிலிருந்து வந்தவர், மேஸின் அப்பாவைத் தெரிந்தவர். 17 வயது வில்லியை அணியில் சேர்த்துக்கொண்டார். பள்ளி நடக்கும் நாட்களில் உள்ளூர் ஆட்டங்களில் மட்டும் ஆட்டம், விடுமுறையில் அணியோடு பஸ்ஸில் பயணம். சுற்றிலும் முப்பது வயதுக்காரர்கள். வளைந்து வரும் பந்தை எப்படி அடிப்பது, தலைக்கு வீசினால் எப்படித் தாங்குவது என்றெல்லாம் அந்த ஒரு வருடத்தில் கற்றுக்கொண்டார்.

அந்த வருட நீக்ரோ உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம் ரிக்வுட்டில் நடந்தது. ஸ்கோர் 3-3. கடைசி இன்னிங்ஸ். ஓடுபவர் தொட வேண்டிய நான்கு முனைகளில் இரண்டாவதில், அதாவது இரண்டாவது பேஸில், நின்றவர் பில் கிரீசன். அவர் பிட்சர், இரண்டாம் உலகப் போரில் இவோ ஜிமா தீவில் நின்றுவிட்டு வந்த முன்னாள் மரைன் படை வீரர். மட்டையோடு நின்றது மேஸ். நடுவே ஒரு அடி. கிரீசன் ஓடி வந்து கடைசி முனையான ஹோம் பிளேட்டைத் தொட்டு ரன் எடுத்தார், பர்மிங்காம் 4-3. அந்தத் தொடரில் அவர்கள் வென்றது அந்த ஒரு ஆட்டம்தான். நீக்ரோ உலகத் தொடர் என்பதே அதோடு முடிந்துபோனது. கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் 1947-இல் மேஜர் லீக்கில் இறங்கிக் கதவைத் திறந்த பிறகு, கூட்டமும் நட்சத்திரங்களும் அந்தப் பக்கம் போய்விட்டன.

மேஸை ஏன் எந்த அணியும் உடனே எடுக்கவில்லை?

கண்ணெதிரே இருந்தும் விட்டவர்கள் உண்டு. அப்போது வெள்ளையர் பேரன்ஸ், பாஸ்டன் ரெட் சாக்ஸின் துணை அணி. அதாவது மேஸ் ஆடிய அதே மைதானத்தில் பாஸ்டனுக்குக் கண்ணும் காதும் இருந்தது. ஆள் தேடும் ஜார்ஜ் டிக்பி நேரில் பார்த்துவிட்டு, இந்தப் பையனை எடுங்கள் என்று சொன்னார். பாஸ்டன் எடுக்கவில்லை. 1950-இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் எடுத்துக்கொண்டது. கறுப்பின வீரரைக் களமிறக்கிய கடைசி மேஜர் லீக் அணி பாஸ்டன்தான், அதுவும் 1959-இல்.

பைப்பர் டேவிஸைப் பற்றி யாரும் அதிகம் கேட்பதில்லை, கேட்க வேண்டும். 1950-இல் பாஸ்டன் அவரை ஸ்க்ரான்டன் துணை அணிக்கு எடுத்தது. ரெட் சாக்ஸ் அமைப்புக்குள் வந்த முதல் கறுப்பின வீரர் அவர். நன்றாகவே ஆடினார். 15 ஆட்டங்களுக்குப் பிறகு அனுப்பிவிட்டார்கள். மேஜர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட அவருக்கு வாய்க்கவில்லை.

கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து விளையாட உண்மையிலேயே சட்டத்தடை இருந்ததா?

இருந்தது. நகரச் சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். சீட்டு, பகடை, டாமினோ, செக்கர்ஸ், பேஸ்பால், ஃபுட்பால், பாஸ்கெட்பால் என்று ஒரு பட்டியல் போட்டு, இவற்றில் எதையும் இரு இனத்தவரும் சேர்ந்து ஆடக் கூடாது என்றார்கள். இரண்டு பேர் ஒரு பலகையை நடுவில் வைத்துக் காய் நகர்த்துவதுகூடக் குற்றம்.

1953-இல் ஜாக்கி ராபின்சன் ஒரு நட்சத்திர அணியோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். அணியில் வெள்ளையர்களும் இருந்தார்கள். பர்மிங்காமில் மட்டும் அவர்களை உட்காரவைத்துவிட்டு ஆட வேண்டியதாயிற்று. 1954 ஜனவரியில் நகர நிர்வாகம் சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தியது. எதிர்ப்பாளர்கள் கையெழுத்து வாங்கி வாக்கெடுப்பு கொண்டுவந்தார்கள். ஜூன் மாதம் பெரும்பான்மை வாக்கில் தடை திரும்பி வந்தது.

இந்தக் கதையில் புல் கானர் என்ற பெயரைச் சொல்லியாக வேண்டும். 1963-இல் சம உரிமை கேட்டு ஊர்வலம் போன பள்ளிக்கூடப் பிள்ளைகள் மீது போலீஸ் நாய்களையும் தீயணைப்புக் குழாய்களையும் ஏவிய அதே நகர ஆணையர்தான். ஊர் அவரை முதலில் அறிந்தது ரேடியோவில், பேரன்ஸ் ஆட்டங்களுக்கு வர்ணனை சொல்பவராக. வெளியூர் ஆட்டத்திலிருந்து தந்தியில் நாலு சொல் வரும். அதை வைத்தே நேரில் பார்ப்பது போல முழு ஆட்டத்தையும் சொல்லுவார். அந்தக் குரலில் கிடைத்த செல்வாக்குதான் அவரைத் தேர்தலுக்குக் கொண்டுபோனது.

1962, 1963-இல் பர்மிங்காமில் தொழில்முறை பேஸ்பால் ஏன் இல்லை?

பேரன்ஸ் ஆடிய சதர்ன் அசோசியேஷன் 1961 சீசனோடு மூடப்பட்டது. டிவி வந்து கூட்டம் குறைந்ததும் ஒரு காரணம். ஆனால் மற்ற இடங்களில் கறுப்பின வீரர்கள் ஆடத் தொடங்கிப் பல வருடங்கள் ஆன பிறகும் இந்த லீக் பிடிவாதமாக இருந்தது. அதன் வரலாற்றிலேயே ஒரே ஒரு கறுப்பின வீரர், 1954-இல் அட்லாண்டாவுக்கு ஆடிய நாட் பீப்பிள்ஸ். அவரும் இரண்டே ஆட்டங்கள். மேஜர் லீக் அணிகள், எங்கள் பையன்களில் பாதிப்பேர் ஆட முடியாத ஊருக்கு எதற்கு அணி அனுப்ப வேண்டும் என்று விலகத் தொடங்கின. சேர்ந்து ஆடுவதை விட ஆடாமல் இருப்பதே மேல் என்று ஊர் முடிவெடுத்தது போல ஆயிற்று.

பிறகு எப்படித் திரும்பி வந்தது?

1963 செப்டம்பர் 15 அன்று கறுப்பின மக்களின் 16-ஆவது தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் இனவெறியர்கள் வைத்த குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறந்தார்கள். அதற்குப் பின் வந்த ஏப்ரலில், ஏறக்குறைய ஏழு மாதத்தில், கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்த ஒரு அணி ரிக்வுட்டில் இறங்கியது.

அணியைத் திரும்பக் கொண்டுவந்தவர் உள்ளூர்த் தொழிலதிபர் ஆல்பர்ட் பெல்ச்சர். ஆட்டக்காரர்களைக் கொடுத்தது கன்சாஸ் சிட்டி ஏ’ஸ் என்ற மேஜர் லீக் அணி. அதன் முதலாளி சார்லி ஃபின்லியும் இந்த வட்டாரத்தில் பிறந்தவர்தான், சின்ன வயதில் பேரன்ஸ் வீரர்களுக்கு மட்டை எடுத்துக் கொடுத்த பையன். கியூபாவிலிருந்து வந்த பெர்ட் காம்பனேரிஸ், ஜார்ஜியாவின் ‘புளூ மூன்’ ஓடம், டாமி ரெனால்ட்ஸ் எல்லாம் அந்த அணியில். கேலரியிலும் பிரிவினை எடுக்கப்பட்டது. பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. மக்கள் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், கைதட்டினார்கள். அணி கடைசிவரை பட்டத்துக்குப் போராடி இரண்டாம் இடம் பிடித்தது. இனப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைகள் சட்டம் கையெழுத்தானது அந்த ஜூலையில்தான்.

அப்படியென்றால் 1964-க்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டதா?

சரியாகவில்லை. அதற்குச் சாட்சி, பின்னாளில் பெரிய நட்சத்திரமான கறுப்பின வீரர் ரெஜி ஜாக்சன். 1967-இல் 21 வயதில் பர்மிங்காம் ஏ’ஸ் (அப்போது ஊர் அணிக்கு அதுதான் பெயர்) அணிக்கு வந்தார். மைதானத்தில் கைதட்டல், வெளியே கதவடைப்பு. உணவகங்களில் உள்ளே விடவில்லை, விடுதிகளில் அறை கொடுக்கவில்லை. உடன் ஆடிய ஜோ ரூடி வீட்டு சோஃபாவில் வாரத்தில் சில இரவுகள் படுத்திருக்கிறார். அவர் அங்கே தங்கினால் குடியிருப்பையே கொளுத்துவோம் என்று மிரட்டல் வந்தபின் அதையும் விட வேண்டியதாயிற்று. 2024-இல், 78 வயதில், ரிக்வுட்டில் நின்றுகொண்டு தொலைக்காட்சி நேரலையில் அவர் இதையெல்லாம் சொன்னபோது பக்கத்தில் இருந்தவர்களால் பேச முடியவில்லை. இந்த ஊருக்குத் திரும்பி வருவதே எளிதாக இல்லை என்றார். தன்னைத் தாங்கிப் பிடித்த வெள்ளைக்கார அணித் தோழர்களின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

அந்த 1967 அணி லீக் பட்டம் வென்றது. ஜாக்சன், ரூடி, ரோலி ஃபிங்கர்ஸ், டேவ் டங்கன் என்று அதில் இருந்தவர்கள்தான் பின்னாளில் ஓக்லாந்து ஏ’ஸ் அணியின் முதுகெலும்பு. 1972, 73, 74 என்று தொடர்ந்து மூன்று உலகத் தொடர்களை வென்ற அணி அது.

மைக்கேல் ஜோர்டான் ரிக்வுட்டில் ஆடினாரா?

அவர் பேரன்ஸ் அணிக்கு ஆடியது உண்மை. ஆனால் அப்போது அணியின் சொந்த மைதானம் ரிக்வுட் இல்லை, புறநகரான ஹூவரில் இருந்த ஹூவர் மெட். 1993-இல் அப்பா கொலையானபின் பாஸ்கெட்பாலை விட்டு விலகினார். மகன் பேஸ்பால் ஆட வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அவருடைய பாஸ்கெட்பால் அணியான சிகாகோ புல்ஸ், பேரன்ஸின் தாய் அணியான வைட் சாக்ஸ் இரண்டுக்கும் ஒரே முதலாளி என்பதால் வழி கிடைத்தது. 1994-இல் 127 ஆட்டங்கள். மட்டைச் சராசரி 0.202 (பத்து வாய்ப்புக்கு இரண்டு அடி மாதிரி), 3 ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி), 51 ரன்களுக்கு வழி செய்தார், 30 தடவை பேஸ் திருடினார் (பந்து வீசும்போதே அடுத்த பேஸுக்கு ஓடுவது), 114 தடவை ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் விழுந்து ஆட்டமிழப்பது). பள்ளிக்குப் பிறகு பேஸ்பால் மட்டையைத் தொடாத 31 வயது ஆள் நேராக டபுள்-ஏ படியில் இறங்கினார் என்பதை மனதில் வைத்து இந்த எண்களைப் படித்தால், இதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்த வருடம் பேரன்ஸ் ஆட்டங்களுக்கு 4,67,000-க்கும் மேல் கூட்டம் வந்தது.

ரிக்வுட்டை விட்டு ஏன் போனார்கள்? அது எப்படி இடிபடாமல் தப்பியது?

1975-உடன் ஏ’ஸ் போய்விட்டது. ஐந்து வருடம் ஊரில் அணியே இல்லை. 1981-இல் ஆர்ட் கிளார்க்சன் மான்ட்கோமரி அணியை இங்கே கொண்டுவந்து பேரன்ஸ் பெயரைத் திரும்பச் சூட்டினார். 1987-இல் பட்டம் வென்ற கையோடு அணி ஹூவருக்குப் போனது. கார் நிறுத்த இடம், புதிய வசதி என்று காரணம் சொன்னார்கள். வசதியானவர்கள் புறநகருக்குக் குடிபோன காலம் அது, அணியும் அவர்கள் பின்னாலேயே போனது.

பழைய மைதானம் பள்ளி ஆட்டங்களுக்குப் பயன்பட்டுக்கொண்டு நின்றது. 1992-இல் ‘ரிக்வுட்டின் நண்பர்கள்’ என்று ஒரு குழு சேர்ந்தது. துருப்பிடித்த தூண்களைச் சுரண்டி, கூரையை மாற்றி, பச்சை வண்ணம் அடித்து, 1940-களில் எப்படி இருந்ததோ அப்படிக் கொண்டுவந்தார்கள். 1996 முதல் ‘ரிக்வுட் கிளாசிக்’ என்று பேரன்ஸ் வருடத்துக்கு ஒரு ஆட்டம் பழைய கால உடையில் இங்கே வந்து ஆடத் தொடங்கியது. 2013-இல் பேரன்ஸ் புறநகரை விட்டு மறுபடி நகரத்துக்குள்ளேயே, ரீஜன்ஸ் ஃபீல்டுக்கு வந்துவிட்டது. வந்த வருடமே லீக் பட்டம்.

2024-இல் என்ன நடந்தது?

மேஜர் லீக்கின் சீசன் ஆட்டம் ஒன்று முதன்முறையாக ரிக்வுட்டில் நடந்தது. சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்கும் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கும் ஜூன் 20 அன்று ஆட்டம். நீக்ரோ லீக் வீரர்களுக்கும் வில்லி மேஸுக்கும் மரியாதை செய்வது நோக்கம். ஜூன் 18 மாலை அதே மைதானத்தில் பேரன்ஸ் ஒரு ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தது. நடுவில் அறிவிப்பு வந்தது. மேஸ் கலிஃபோர்னியாவில் காலமானார், வயது 93. கூட்டம் எழுந்து நின்றது. பிறகு கைதட்டல், நீண்ட நேரம்.

இரண்டு நாள் கழித்து நடந்த ஆட்டத்தில் நடுவர்கள் அனைவரும் கறுப்பினத்தவர். மேஜர் லீக்கில் அதுதான் முதல் தடவை. கார்டினல்ஸ் 6-5 என்று வென்றது. முதல் பந்தை வீச வந்தவர் பில் கிரீசன். ஆமாம், 1948-இல் மேஸ் அடித்த அடியில் ஓடி வந்த அதே கிரீசன்தான். 1954-இல் கார்டினல்ஸின் முதல் கறுப்பினப் பிட்சராக ஆடிவிட்டு, பிறகு பர்மிங்காமில் போதகராகிப் பல பத்தாண்டுகள் ஒரே சபையை நடத்தியவர். அன்று அவருக்கு வயது 99. 76 வருடங்களுக்கு முன் தான் ஓடி வந்து தொட்ட அதே ஹோம் பிளேட்டை நோக்கிப் பந்தை வீசினார்.

இன்று மைனர் லீக் வீரர்களின் நிலை எப்படி?

முன்பை விடப் பரவாயில்லை. 2023-இல் மைனர் லீக் வீரர்கள் முதன்முறையாகத் தொழிற்சங்க ஒப்பந்தம் பெற்றார்கள். டபுள்-ஏ குறைந்தபட்ச வருடச் சம்பளம் 13,800 டாலரிலிருந்து 30,250 டாலராக உயர்ந்தது. அதற்கு முன் பலர் சீசன் முடிந்ததும் கிடங்கிலும் கடையிலும் வேலை பார்த்துத்தான் பிழைத்தார்கள்.

பர்மிங்காம் போனால் எங்கே போக வேண்டும்?

முதலில் ரீஜன்ஸ் ஃபீல்ட் பக்கத்தில் இருக்கும் நீக்ரோ சதர்ன் லீக் அருங்காட்சியகம். அணி உடைகள், கையுறைகள், கையெழுத்திட்ட பந்துகள் என்று நிறைய இருக்கின்றன, அவசரப்படாமல் பாருங்கள். மாலையில் பேரன்ஸ் ஆட்டம் இருந்தால் அங்கேயே டிக்கெட் வாங்கலாம்.

அப்புறம் நகரத்தின் மேற்குப் பக்கம் ரிக்வுட். உள்ளே போனதும் தலையை உயர்த்தி விளக்குக் கம்பங்களைப் பாருங்கள். 1936-இல் வைத்த வடிவம். கூரைக்கு மேலிருந்து களத்தை எட்டிப் பார்ப்பது போல முன்னால் சாய்ந்திருக்கும். வெளிச் சுற்றில் பழைய காங்கிரீட் சுவர் இருக்கிறது. 1948-இல் பேரன்ஸ் வீரர் வால்ட் டிரோப்போ அடித்த ஹோம் ரன் 467 அடி போய் அதில் மோதியது. பட்ட இடத்தில் ஒரு எக்ஸ் குறி போட்டு வைத்தார்கள். அதைப் பார்த்துவிட்டு, வலப்பக்க எல்லைக்கு நடந்து போய், அந்தத் திறந்த கேலரி இருந்த இடத்தில் வெயிலில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். அங்கிருந்து ஹோம் பிளேட் எவ்வளவு தூரம் என்று தெரியும்.